பழனியாண்டவரும் 48 எழுத்துக்கூட்டல்களும்

தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார். மோதிரம் கேட்டிருந்தால் அப்பா சமாளித்திருப்பார். பைக் கேட்டிருந்தால்கூட, "அடுத்த தையில பாத்துருவோம் மாப்பிள்ளை" என்று ஒரு வருடம் தள்ளிப் போட்டிருப்பார். இவர் கேட்டது வைஃபை பாஸ்வேர்டு. ஆறரை மணிக்கு ஆபீஸ் மீட்டிங்காம். மதுரையில் எங்கள் சந்துக்குள் செல்போன் சிக்னல் என்பது வைகையில் தண்ணீர் மாதிரி, வந்தால் செய்தி.

மணி அப்போது ஆறு. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரவுட்டரைப் பார்த்தேன். அது யாரையும் பார்க்காமல் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

2020 ஊரடங்கில் போட்ட இணைப்பு. ஒருமுறை பாஸ்வேர்டை அடித்ததோடு சரி, அதன்பின் யாரும் அதை நினைக்க வேண்டிய தேவையே வரவில்லை. என் பழைய போனுக்குத் தெரியும். அதைத் தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் போட்டு 900 ரூபாய் வாங்கிவிட்டேன், பாஸ்வேர்டும் சேர்ந்தே போய்விட்டது. தங்கச்சி கையில் இருந்தது கல்யாணத்துக்கு வாங்கிய புது போன். மிச்சம் இருந்தவை, சீரியல் ஓடும் டிவியும் அப்பாவின் கிழட்டு போனும். இணைந்திருக்கும் போனிலிருந்து கட்டம் போட்ட க்யூஆர் படத்தைக் காட்டி அடுத்த போனை உள்ளே இழுக்கும் வசதி, 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இல்தான் பிறந்தது. அப்பாவின் போன் அதற்கு அண்ணன். அதற்குப் பாஸ்வேர்டு தெரியும், ஆனால் சொல்லாது. அப்பாவின் சுபாவம் அப்படியே அதற்கும் வந்திருந்தது.

இந்த இடத்தில் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக மனிதன் பாஸ்வேர்டு வைத்திருக்கிறான். அதில் நான் கண்ட நீதி ஒன்றே ஒன்று: அது திருடனைத் தடுத்ததைவிட வீட்டுக்காரனைத் தடுத்ததுதான் அதிகம். திருடனுக்கு என்றைக்கும் அது மறந்ததே இல்லை.

அலிபாபா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற பெயரும் வாங்கிய கதை. நாற்பது திருடர்கள். நாற்பது பேரில் ஒருவன்கூட "எள்ளே, திற" என்ற சொல்லை மறந்ததாகக் கதை சொல்லவில்லை. மறந்தவன் யார்? ஊரில் கௌரவமாகக் குடித்தனம் நடத்திய அண்ணன் காசிம். உள்ளே போகும்போது நினைவிருந்த எள், தங்கத்தைப் பார்த்ததும் நழுவிவிட்டது. பார்லி என்கிறான், இன்னும் என்னென்னவோ தானியம் எல்லாம் சொல்கிறான், மளிகைப் பட்டியல் முழுவதையும் ஒப்பிக்கிறான், கதவு அசையவில்லை. இதில் இன்னொரு கூத்து உண்டு. ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இந்தக் கதையே கிடையாது. 1709இல் அலெப்போக்காரர் ஹன்னா தியாப் பாரிஸில் சொல்லக் கேட்டு, கலான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தன் மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டார். பாஸ்வேர்டு பற்றிய உலகப் புகழ்பெற்ற கதையே, பாஸ்வேர்டு கேட்க ஆளில்லாத நேரத்தில் உள்ளே நுழைந்த கதைதான்.

எங்கள் வீட்டுக் காசிமுக்கு வருவோம்.

"அடியில ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, நிதானமானவர். ரவுட்டரைக் கவிழ்த்தேன். ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் ஐந்து ஆயுதபூஜைகள் இருந்தன. வருடா வருடம் அம்மா தையல் மிஷினுக்கும் மிக்சிக்கும் வைத்த கையோடு இதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். முன்பக்கம் விளக்கு மறைந்துவிடுமே என்று, பொறுப்பாக, அடியில்.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்து அடித்துப் பார்த்தால், "தவறான பாஸ்வேர்டு" என்றது போன்.

"அது கம்பெனி வச்சது. நான்தான் அன்னைக்கே மாத்தச் சொல்லிட்டேனே" என்றார் அப்பா, ஏதோ சாதித்த குரலில்.

"என்னன்னு மாத்துனீங்க?"

"பழனியாண்டவர்."

கடவுச்சொல் என்பதை அப்பா கடவுள் சொல் என்று படித்திருக்கிறார். அதில் தப்பில்லை. கேபிள்காரத் தம்பி எட்டு எழுத்தாவது வேண்டும் என்றாராம். வெறும் முருகன் எட்டுக்குத் தேறாததால் மலையேற வேண்டியதாகிவிட்டது. அடித்தது அந்தத் தம்பி. ஆங்கிலத்தில் எப்படி அடித்தார் என்று கேட்டதற்கு, "பழனியாண்டவர்னுதான்டா" என்றார் அப்பா.

இங்கேதான் தமிழனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட சோதனை ஆரம்பமாகிறது. அந்த ழகரத்தை ஒருவர் 'எல்' என்பார், ஒருவர் 'இசட் எச்' என்பார், அவசரக்காரர் வெறும் 'இசட்' என்பார். ஆக மூன்று. 'னியா' என்ற இடத்தில் 'ஒய்' உண்டா இல்லையா, 'ஏ' ஒன்றா இரண்டா? நான்கு. வகரத்துக்கு 'வி'யா, 'டபிள்யூ'வா? இரண்டு. முதலெழுத்து பெரியதா, சின்னதா? இரண்டு. பெருக்கினால் 48. ஒரே ஆண்டவர், அறுபடை வீட்டில் ஒரே வீடு, எங்கள் வீட்டு வாசலில் 48 கோலத்தில் நிற்கிறார்.

எழுத்துக்கூட்டலுக்கு இவ்வளவா என்று நினைக்காதீர்கள். பைபிளில் நியாயாதிபதிகள் ஆகமம், 12ஆம் அதிகாரம். போரில் தோற்ற எப்பிராயீமியர் யோர்தான் துறையைக் கடந்து ஊருக்குத் தப்பப் பார்க்கிறார்கள். துறையை மடக்கி நிற்கும் கீலேயாத்தியர் ஒவ்வொருவனையும் நிறுத்தி "ஷிபோலேத்" சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீம்காரன் நாக்குக்கு 'ஷ' வராது, "சிபோலேத்" என்பான். அந்த ஒரு எழுத்துக்கு விழுந்த தலைகள் 42,000 என்கிறது அந்த ஆகமம். அந்தச் சொல்லுக்குத் தானியக் கதிர் என்று ஒரு பொருள் உண்டு. ஒரு கதையில் எள், இன்னொரு கதையில் கதிர். ஆதிகாலப் பாஸ்வேர்டு முழுக்க மளிகைக் கடையிலிருந்தே வந்திருக்கிறது. நல்லவேளை, அந்தத் துறை யோர்தானில் இருந்தது. காவிரியில் இருந்து, "வாழைப்பழம்" சொல்லச் சொல்லியிருந்தால் தமிழ்நாட்டில் இன்று பாதி ஊருக்கு ஆளிருக்காது.

நான் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தேன். ஓர் அடிக்கு அரை நிமிடம்.

"ஒரு டைரியில எழுதி வைக்கணும்னு ஒரு மனுஷனுக்குத் தோணாதா?" என்று அம்மா ஆரம்பித்தாள். "எழுதி வச்சேன். அந்த டைரிய பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டது யாரு?" என்றார் அப்பா. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தலைப்பொங்கலுக்கு வந்தவருக்கு அந்த வீட்டின் முதல் குடும்பச் சண்டை சீர்வரிசையோடு சேர்த்தே வழங்கப்பட்டது.

இந்தச் சண்டையே வரக்கூடாது என்றுதான் ரோமானியர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். பொழுது சாயும்போது அன்றைய அடையாளச் சொல்லை ஒரு மரப்பலகையில் எழுதிக் கொடுப்பார்கள். முகாமின் கடைக்கோடிப் படைப்பிரிவில் புறப்பட்டு, ஒவ்வொரு பிரிவாகக் கை மாறி, சாட்சி வைத்துக் கைமாற்றி, இருட்டுவதற்குள் பலகை அதிகாரியிடம் திரும்பிவிட வேண்டும். வரவில்லையா, பலகையில் உள்ள குறியை வைத்து எந்தப் பிரிவில் நின்றது என்று கண்டுபிடித்து அங்கேயே போய் நிற்பார்கள். அதாவது, பேப்பர்காரனிடம் போட்டது யார் என்பது அன்று இரவே தெரிந்துவிடும்.

இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டையும் கெடுக்க ஒரு முதலாளி வராமல் இருப்பாரா? வந்தார், கலிகுலா. மெய்க்காவல் படை அதிகாரி காசியஸ் கைரியாவைக் கண்டால் பேரரசருக்கு இளக்காரம். அடையாளச் சொல் கேட்டு அவர் வந்து நிற்கும்போதெல்லாம் "வீனஸ்" என்பார், இல்லையென்றால் "பிரியாபஸ்" என்பார். பின்னது எந்த மாதிரித் தெய்வம் என்று குடும்பப் பத்திரிகையில் விளக்க முடியாது. தோட்டத்துக்குக் காவல், ஆனால் சிலையைத் துணி போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சொல்லை முரட்டு வீரர்களிடம் போய் கைரியா முகம் மாறாமல் சொல்ல வேண்டும். கி.பி. 41இல் கலிகுலாவை வெட்டியவர்களில் முன்னால் நின்றவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பாஸ்வேர்டு வைக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லப் போகிறவனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு வைஃபையின் பெயர் 'ஓசியில் வராதே'. மாப்பிள்ளையின் போன் பட்டியலில் அதுதான் முதலில் நின்றது, நான்கு கோடும் முழுதாக.

பதினெட்டாவது ஆண்டவரும் கைவிட்டார். மணி ஆறு ஒன்பது.

"லேப்டாப் ஏதாவது இதுல கனெக்ட் ஆகியிருக்கா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. முன்பு இணைந்த விண்டோஸ் கணினி இருந்தால் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தால் போதுமாம், பாஸ்வேர்டை அப்படியே கக்கிவிடுமாம். எங்கள் வீட்டில் இருந்த லேப்டாப் தங்கச்சிக்கு அரசாங்கம் கொடுத்தது. அதன்மேல் இப்போது கொலு பொம்மைப் பெட்டி இருக்கிறது.

கணினி கக்கும் என்றதும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கணினிக்குப் பாஸ்வேர்டு வந்த நாளிலிருந்தே அது கக்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடைய குழுவும் ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்த ஓர் அமைப்பைச் செய்தார்கள். கூட்டுக் குடும்பம் என்றால் பீரோவுக்குப் பூட்டு வேண்டும் அல்லவா, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு, போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, துளையிட்ட அட்டையில் "பாஸ்வேர்டுக் கோப்பை அச்சடித்துக் கொடு" என்று எழுதிப் போட்டார். கணினி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சனிக்கிழமை காலை போய், அச்சுக் காகிதங்கள் வைக்கும் இடத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்குவதற்குக்கூட இதைவிடக் கஷ்டம்.

ஷெராவது கேட்டு வாங்கினார். 1966இல் அந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை. அன்றைய அறிவிப்பு ஒரு கோப்பு, பாஸ்வேர்டுகள் இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தியதில் ஒன்று இன்னொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு உள்ளே வந்த அத்தனை பேருக்கும் 'இன்றைய அறிவிப்பு' என்று எல்லோருடைய பாஸ்வேர்டும் ஓடியது. தன் பாஸ்வேர்டை மறந்தவன் எவனாவது அன்று வந்திருந்தால் அவனுக்குத் தெய்வ சங்கல்பம்.

மணி ஆறு இருபத்து நான்கு. நாற்பத்தெட்டும் தீர்ந்தது. ஒன்றும் திறக்கவில்லை.

"நம்பர் ஏதாவது சேத்திருப்பாரோ?" என்றார் மாப்பிள்ளை. அப்பா அந்தத் தம்பியை நினைத்துப் பார்த்தார். "ஏதோ கடைசியில டப்பு டப்புன்னு தட்டுனான்."

அந்த டப்பு டப்புவுக்கும் ஒரு பூர்விகம் உண்டு. 2003இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்ற அதிகாரி ஒரு கையேடு எழுதினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து பாஸ்வேர்டு வையுங்கள் என்ற அறிவுரை அதிலிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. உலகம் என்ன செய்தது? வழக்கமான சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு வாலில் ஒரு '@', பிறகு ஒன்று இரண்டு மூன்று. திருடன் சிரித்துக்கொண்டே அதையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டான். வீட்டுக்காரன் மட்டும் '@'ஆ '#'ஆ என்று இருபது வருடமாக மோட்டுவளையைப் பார்க்கிறான். 2017இல், ஓய்வு பெற்றபின், தான் சொன்னதில் பெரும்பாலானவற்றுக்கு வருந்துவதாகச் சொன்னார் பர். அதே வருடம் அந்த நிறுவனமும் விதியைத் தளர்த்திக்கொண்டது. ஆனால் மதுரையில் வயர் இழுக்கும் தம்பிக்கு அந்தச் சுற்றறிக்கை வந்து சேரவில்லை.

48ஐ எண்களோடும் குறிகளோடும் பெருக்கிப் பார்த்துவிட்டு நான் கீழே உட்கார்ந்தேன். திருடனாக இருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை. வைஃபையின் முதல் பூட்டு 'டபிள்யூஈபி', கம்பியில் போவதற்கு நிகரான ரகசியம் என்று பெயர் வைத்தார்கள். 1997இல் வந்தது, 2001இல் மூன்று கணித வல்லுநர்கள் அதன் ஓட்டையைக் காட்டிவிட்டார்கள், 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அடுத்து, பாஸ்வேர்டு நினைவில்லாதவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தார்கள். 2011இல் ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: முதல் நான்கு இலக்கம் சரியாக இருந்தால் ரவுட்டரே "அதுவரைக்கும் சரி" என்று தலையாட்டிவிடுகிறது. மிச்சத்தில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. ஆக, கோடிக்கணக்கில் முயல வேண்டியவனுக்கு 11,000 முயற்சி போதும். திருடன் வந்தால் பாதி விடையைச் சொல்லிக் கொடுக்கிற காவல்காரன், மாதா மாதம் சந்தா கட்டுகிற எங்களிடம் 48 முறையும் "தவறு" என்று மட்டும் சொன்னான். "ழகரம் வரைக்கும் சரிப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பின்னாடி ஓட்டை இருக்கே, அதுல ஊசிய விட்டுக் குத்துனா சரியாயிரும்னு டிவில சொன்னான்" என்று அம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மாப்பிள்ளை பதறி எழுந்தார். தலைப்பொங்கல் மரியாதையெல்லாம் மறந்து, மாமியார் கையைப் பிடிக்காத குறை. பத்து விநாடி குத்தினால் ரவுட்டர் பிறந்த குழந்தை ஆகிவிடும், உண்மைதான். பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் உள்ளதற்குத் திரும்பிவிடும். ஆனால் இணைப்பு கொடுத்தவர்கள் உள்ளே பதித்து வைத்த யூசர் நேமையும் சேர்த்து மறந்துவிட்டால், அதைத் திரும்பப் போட அவர்கள் ஆள்தான் வர வேண்டும். பொங்கலன்று எந்த ஆள் வருவான்? வைஃபைக்குள் போக வழி கிடைக்கும், வைஃபைக்குள் இன்டர்நெட் இருக்காது. எள் சொல்லித் திறந்த குகையில் தங்கம் இல்லாத மாதிரி.

மணி ஆறு இருபத்தெட்டு. அப்போதுதான் மாடிக் குடித்தனத்துப் பையன் சர்க்கரைப் பொங்கல் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒன்பதாம் வகுப்பு. நான்கு பேர் தரையில் உட்கார்ந்து ஒரு ரவுட்டரைச் சுற்றித் துக்கம் காப்பதைப் பார்த்தான்.

"பாஸ்வேர்டா அங்கிள்?" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீடு நிசப்தமானது.

"பி, ஏ, இசட், எச், ஏ, என், ஐ, ஒய், ஏ, என், டி, ஏ, வி, ஏ, ஆர். எல்லாமே சின்ன எழுத்து. அப்புறம் '@', ஒன்னு, ரெண்டு, மூனு" என்றான், தலையைக் குனிந்தபடி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில்.

அவன் நாலாம் வகுப்பு படிக்கும்போது நடந்ததாம். கேபிள்காரத் தம்பி எங்கள் வாசலில் நின்று, மொட்டை மாடியில் இருந்த கூட்டாளிக்கு டெஸ்டிங்குக்காகப் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகக் கத்தியிருக்கிறார். மேலே இருந்தவருக்குக் காதில் விழவில்லை என்று இரண்டு முறை. இடையில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன் கையில் எழுதிக்கொண்டான். அப்பாவும் பக்கத்திலேதான் நின்றிருக்கிறார். அவர் அப்போது இன்ஸ்டலேஷன் சார்ஜில் 200 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

கி.மு. 413இல் ஏதென்ஸ் படைக்கு நடந்ததும் இதேதான். சிசிலித் தீவில் சிரக்யூஸ் நகரைப் பிடிக்க எபிபோலே மேட்டில் ராத்திரியில் ஏறினார்கள். நிலா வெளிச்சம் இருந்தது, ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை. எதிரே வருகிறவன் நம்மாளா என்று தெரிந்துகொள்ள, ஆளாளுக்கு அடையாளச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அது எதிரிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எதிரியின் சொல் மட்டும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாட்டிக்கொண்ட சிரக்யூஸ்காரன் ஏதென்ஸ் சொல்லைச் சொல்லித் தப்பினான், மாட்டிக்கொண்ட ஏதென்ஸ்காரன் சொல்லத் தெரியாமல் செத்தான். இதை வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் சிரிக்காமல் எழுதியிருக்கிறார், பெரிய மனசு.

மாப்பிள்ளை ஆறு இருபத்தொன்பதுக்கு மீட்டிங்கில் நுழைந்தார். வீட்டு மானம் ஒரு நிமிட இடைவெளியில் தப்பியது.

அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு வருஷமா நம்ம காசுல படம் பாத்திருக்கான்! இன்னைக்கே மாத்துறோம். புதுசா, எவனுக்கும் தெரியாத மாதிரி." பையன் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

நான் கோர்பட்டோவை நினைத்துக்கொண்டேன். கணினிக்குப் பாஸ்வேர்டு கொடுத்த அந்த மனிதர், 2014இல் எண்பது வயதைத் தாண்டிய பிறகு, பாஸ்வேர்டு என்பது ஒரு கெட்ட கனவாகிவிட்டது என்று பத்திரிகையில் சொன்னார். அவரே தன்னுடையவற்றைக் காகிதத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்.

"எழுதி வைக்கிறேன், சொல்லுங்க" என்று நான் பேனாவை எடுத்தேன்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். பையன் கையிலிருந்து தூக்கை வாங்கி, பொங்கலை எடுத்து வைத்துவிட்டு, காலித் தூக்கில் இரண்டு கரும்புத் துண்டையும் நாலு வடையையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அதெல்லாம் ஒன்னும் மாத்த வேணாம். எழுதுனா டைரி தொலையும், மனசுல வச்சா உங்களுக்கு நிக்காது. புள்ளைக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அவன்கிட்டயே இருக்கட்டும். இன்னொரு நாள் மறந்துபோனா நாம யாரைப் போய்க் கேக்குறது?"